வாசகர் கைபட்ட பட்டியல்

கல்லூரியில் படித்தபோது நூலகத்திலிருந்து எடுத்த புள்ளியியல் புத்தகம் ஒன்றில், ஏழாம் அத்தியாயத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதிவைத்திருந்தார்கள்: ‘முதலில் ஒன்பதைப் படி, பிறகு இங்கே வா.’ நானும் அப்படியே செய்தேன். அதுவரை மண்டையில் ஏறாமல் முரண்டுபிடித்த பாடம் அன்றிரவே வழிக்கு வந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. நூலகர் கண்ணில் பட்டிருந்தால் அபராதம் கட்டியிருப்பார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி அட்டைப் பட்டியலில் இருந்தவை: ஆசிரியர் பெயர், தலைப்பு, அச்சான ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, பகுப்பு எண். எல்லாம் சரியான தகவல்தான். எனக்குப் பயன்பட்டது மட்டும் அந்த அட்டையில் இல்லை. திருட்டுத்தனமாகப் பென்சிலில் இருந்தது. ஒரு புத்தகத்தை நூலகர் அறிவது ஒரு விதம். ஒரு செமஸ்டர் முழுக்க அதோடு மல்லுக்கட்டிய மாணவர் அறிவது வேறு விதம். இந்த இரண்டாவது அறிவைச் சட்டப்படியே பட்டியலுக்குள் கொண்டுவர முடியுமா என்று பல்கலைக்கழக நூலகங்கள் இருபது ஆண்டுகளாக முயன்று பார்க்கின்றன. தோற்ற முயற்சிகளே அதிகம். சில வென்றன. எது ஏன் வென்றது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றி. டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் எழுதிய உலகின் முதல் வலை உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடிந்தது, திருத்தவும் முடிந்தது. பிறகு வந்து உலகமெல்லாம் பரவிய மொசைக் போன்ற உலாவிகள் படிக்கும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டன. அதனால் வலை என்பது நீண்ட காலம் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அறிவிப்புப் பலகையாகவே இருந்தது. நூலகங்களின் வலைத்தளங்களும் அப்படித்தான்: வேலை நேரம், விதிமுறைகள், கட்டடத்தின் புகைப்படம்.

பூட்டைத் திறந்தவை இரண்டு. ஒன்று விக்கி. 1995ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர், படிப்பவரே அங்கேயே திருத்தக்கூடிய பக்கங்களை உருவாக்கி, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை வைத்தார். ஹவாய் மொழியில் ‘சீக்கிரம்’ என்று பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பின்னால் வளர்ந்த விக்கி மென்பொருள்கள் சேர்த்துக்கொண்ட இன்னொரு ஏற்பாடு. எந்தத் திருத்தமும் பழையதை அழிப்பதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பக்கத்தின் புதிய படி ஒன்று, நாள், நேரம், ஆள் விவரத்தோடு அடுக்கின் மேல் உட்காருகிறது. யாராவது குளறுபடி செய்தால் நேற்றைய படியை மேலே எடுத்து வைத்துவிடலாம். கெடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபம் என்ற இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் விக்கிப்பீடியா ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

இன்னொன்றை விளக்க ஓட்டலுக்குப் போக வேண்டும். பழைய வலையில் ஒரு சின்ன மாற்றத்துக்கும் பக்கம் முழுவதும் வழங்கியிலிருந்து மறுபடி வந்தாக வேண்டும். சாப்பாட்டு நடுவில் கொஞ்சம் ரசம் கேட்டால், சர்வர் இலையை அப்படியே எடுத்துக்கொண்டு போய், புது இலை போட்டு, சோறு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பரிமாறுவது போல. பசிக்கிறவர் இரண்டாம் முறை ரசம் கேட்க மாட்டார். இலை இருக்கிற இடத்திலேயே இருக்க, கேட்டதை மட்டும் கரண்டியில் கொண்டுவந்து ஊற்றும் நுட்பத்துக்கு 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ‘அஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். நுட்பம் அதற்கு முன்பே இருந்தது. பெயர் வந்ததும் பரவியது. தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து அடித்தவுடன் கீழே சொற்கள் வரிசைகட்டுவதும், நட்சத்திரத்தைத் தொட்டதும் பக்கம் அசையாமலே மதிப்பெண் ஏறுவதும் இதனால்தான். வாசகர் கை நீட்டிய உடனே பதில் கிடைத்தால்தான் மறுபடியும் நீட்டுவார்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் சேர்த்து ‘வெப் 2.0’ என்ற பெயர் 2004ல் டிம் ஓரைலி நிறுவனம் நடத்திய மாநாட்டுக்குப் பின் பிரபலமானது. அடுத்த ஆண்டே மைக்கேல் கேசி என்ற அமெரிக்க நூலகர் ‘லைப்ரரி 2.0’ என்றார். இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நூலகத்தின் இரண்டாம் பதிப்பு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக் கடற்கரையோரம் வந்துவிட்டதே!

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். திரும்பி வந்ததும் செய்தவற்றில் முக்கியமானது, அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டது. அதுவரை சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வருவார். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம், புத்தகத்தைக் காவல் காப்பதைவிட அதற்குரிய வாசகரிடம் கொண்டுசேர்ப்பதே நூலகத்தின் வேலை என்பது. வாசகருக்குப் புத்தகம் தேடுவதோடு, யாரும் தொடாமல் கிடக்கும் புத்தகத்துக்கு வாசகர் தேடுவதும் அதில் அடக்கம்.

அவருடைய இன்னொரு யோசனை இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகள், திருகுகள், சக்கரங்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். அறிவுத் துறைகளையும் இப்படிப் பிரித்துக் கூட்டலாமே என்று தோன்ற, 1933ல் கோலன் பகுப்பு முறையாக அது வெளிவந்தது. தஞ்சாவூரில் இருபதாம் நூற்றாண்டில் நெல்லைத் தாக்கிய நோய்கள் பற்றிய புத்தகத்துக்கு ஒரே ஒரு பெட்டியைத் தேடி அலையாமல், பயிர், நோய், இடம், காலம் என்று முகங்களாகப் பிரித்து, எந்த முகத்தின் வழியாகவும் அதை எட்டலாம் என்றார். அட்டைப் பட்டியலில் இது முழுமையாகச் சாத்தியமில்லை. அட்டை ஒரே வரிசையில்தான் நிற்கும். 2006 ஜனவரியில் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம், இணையக் கடைகளுக்காகச் செய்த எண்டெகா என்ற மென்பொருளைத் தன் பட்டியலின் மேல் பொருத்தியது. தேடியதும் பக்கவாட்டில் துறை, மொழி, காலம், நிலப்பகுதி, நூல் வகை என்று வடிகட்டிகள் வந்து நின்றன. கைபேசியில் சேலை வாங்குகிறவர் நிறம், விலை, துணி என்று தட்டித் தட்டிக் குறைப்பதும் இதே தத்துவம்தான். அவர்களில் எத்தனை பேர் சீர்காழியை நினைக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது.

ஆனால் முகங்களைப் பிரித்ததும் பெயர் சூட்டியதும் நூலகரே. வாசகர் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். பென்சில் இன்னும் வாசகர் கைக்கு வரவில்லை.

நூலகத்தின் பொருள் தலைப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்துவிட்டால் எல்லாப் புத்தகமும் அதன் கீழ்தான் வரும். ஒழுங்குக்கு அது தேவை. ஆனால் சொல் பழசாகிவிடும். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் சமையல் புத்தகங்களை ‘குக்கரி’ என்ற தலைப்பில் வைத்திருந்தது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘குக்கிங்’ என்பார்கள். தலைப்பை மாற்ற 2010 வரை ஆனது. தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர் பாடு இதைவிடக் கொடுமை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பெயர்க்க ஒரு கறாரான முறை உண்டு. நம் ‘ப’ எங்கே வந்தாலும் அங்கே பென்சிலின் முதல் எழுத்துதான். பஸ்ஸின் முதல் எழுத்துக்கு இடமில்லை. ‘ச’ என்றால் சைக்கிளின் முதல் எழுத்து. ஆகவே பாரதியை நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துகளில் தேடினால் அவருடைய தமிழ்த் தொகுப்புகள் பல கண்ணில் படாமலே போகும். சங்க இலக்கியம் தேடுகிறவருக்கு ‘ச’வை சைக்கிள் எழுத்தில் தொடங்கத் தெரிந்திருக்க வேண்டும். முறையில் தப்பில்லை, தமிழ் எழுத்துக்கு அது விசுவாசமானது. வாசகரின் விரலுக்குத்தான் அது தெரியாது.

இங்கேதான் குறிச்சொல் வந்தது. புத்தகத்துக்கு வாசகரே தன் சொல்லை ஒட்டலாம், எத்தனை வேண்டுமானாலும். பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2005ல் ‘பென்டேக்ஸ்’ என்று தொடங்கியது. மாணவர்களும் ஆசிரியர்களும் பட்டியலில் உள்ள நூலையோ கட்டுரையையோ தங்கள் சொல்லால் அடையாளமிட்டுச் சேமிக்கலாம். அதே ஆண்டு டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தில் மக்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களுக்குச் சொற்களை ஒட்டித் தள்ளினார்கள். குறிச்சொல்லின் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. ஒருவர் ஒட்டிய சொல் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். நூறு பேர் ஒட்டும்போது தனிப்பட்ட கிறுக்குகள் ஆளுக்கொரு பக்கம் சிதற, பொதுவான சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கனமாகும்.

ஆனால் நூறு பேர் வேண்டுமே! ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஐந்து லட்சம் புத்தகம் இருக்கும். பத்தாயிரம் மாணவர்கள் இருப்பார்கள். பெரும்பாலான புத்தகத்துக்கு ஒரு சொல்கூட விழாது. வீட்டில் தன் புத்தகத்துக்குச் சொல் ஒட்டுகிறவர் தனக்காக அடுக்குகிறார். திருப்பிக் கொடுக்கப்போகும் நூலகப் புத்தகத்துக்கு எதற்காக மெனக்கெட வேண்டும்? 2007ல் லைப்ரரிதிங் தன் வாசகர்கள் சேர்த்த சொற்களை நூலகங்களின் பட்டியலுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியபோது, எங்கே நீர் ஊறுகிறதோ அங்கிருந்து வாய்க்கால் வெட்டுவதுதான் வழி என்று தெரிந்தது.

நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் ‘கோஹா’ என்ற மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஹொரொஃபெனுவா என்ற சிறிய வட்டாரத்து நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதில் வாசகர் குறிச்சொல் ஒட்டலாம், கருத்து எழுதலாம், தனக்கென நூல் வரிசைகள் போட்டுப் பிறருக்குக் காட்டலாம். நூலகர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரியும்படியும் வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த கல்லூரிகளில் பெரும்பாலும் இவை அணைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் திறந்திருந்தது. அங்கே இருந்தவை இரண்டே கருத்துகள். ஒன்று ‘டெஸ்ட்’, பொருத்திக் கொடுத்தவர் சோதித்துப் பார்த்தது. மற்றொன்று, ஹால் டிக்கெட் எப்போது தருவார்கள் என்று ஒரு மாணவர் கேட்ட கேள்வி. பதில் வந்ததாகத் தெரியவில்லை.

இதற்காக அந்தக் கல்லூரியைக் கேலி செய்வது நியாயமில்லை. உலகமெல்லாம் நடந்ததுதான். 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நூலகங்கள் ‘செகண்ட் லைஃப்’ என்ற முப்பரிமாண மாய உலகத்தில் தீவு வாங்கின. அங்கே நூலகக் கட்டடம் எழுப்பி, பொம்மை உருவத்தில் நூலகர் மேசைக்குப் பின்னால் நின்றார். கூட்டம் கலைந்த பிறகும் கட்டடங்கள் நின்றன. பல தளங்களின் புதுச் செய்திகளை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் கூகுள் ரீடரை நம்பிப் புது நூல் அறிவிப்புகளுக்குச் சந்தா செய்தவர்கள் 2013 ஜூலையில் அது மூடப்பட்டதும் கைவிடப்பட்டார்கள். எந்தக் கருவி புதிதோ அதை வாங்கி வைத்துவிட்டு வாசகருக்காகக் காத்திருந்ததே எல்லாத் தோல்விக்கும் பொது. இணையக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். ‘உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்ற வெற்றுப் பெட்டியின் முன்னால் அந்த ஒருவரும் எழுந்து போய்விடுகிறார் என்பது என் அனுபவம். என்ன எழுதுவது?

இனி வென்ற கதைகள்.

2008 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஃப்ளிக்கர் புகைப்படத் தளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பழைய படங்களைப் போட்டது. ஒரு பகுதி 1910களை ஒட்டிய செய்தி நிறுவனப் படங்கள். கண்ணாடி நெகட்டிவில் கிறுக்கியிருந்த அரைகுறைப் பெயர்தான் தலைப்பு. யார் இவர், எந்த ஊர், என்ன விழா என்று நூலகத்துக்கே பலவற்றில் தெரியாது. பத்து மாதத்தில் படங்கள் 4,615 ஆகின. அவை பார்க்கப்பட்டது ஒரு கோடியே நான்கு லட்சம் தடவை. சுமார் 2,500 பேர் 67,176 குறிச்சொற்களை ஒட்டினார்கள். 7,166 கருத்துகள் வந்தன. நூலகம் தகாதவை என்று நீக்கியது இருபத்தைந்துக்கும் குறைவு. எனக்குப் பிடித்த எண் வேறு: 500க்கும் மேற்பட்ட படங்களின் அதிகாரபூர்வப் பட்டியல் பதிவையே வாசகர் சொன்னதைச் சரிபார்த்து நூலகம் திருத்திக்கொண்டது. பழைய நாளிதழைத் தோண்டி, அன்றைய பந்தயத்தில் ஓடியவர் இவர் என்று யாரோ சான்றோடு எழுத, நூலகர் அதை எடுத்துப் பதிவில் ஏற்றினார். என் பென்சில்காரருக்கு முதல் முறையாகப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இங்கே ‘கருத்து’ கேட்கப்படவில்லை. முகம் தெரியும், பெயர் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா? கேள்வியில் ஒரு காலி இடம் இருந்தது. காலி இடத்தைக் கண்டால் மனிதக் கை சும்மா இருக்காது. குறுக்கெழுத்துப் புதிர் எப்படிப் பிழைக்கிறது?

அதே 2008 ஜூலையில் ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 1803 தொடங்கிய தன் பழைய நாளிதழ்களை வலையில் வைத்தது. மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த பக்கங்களை எழுத்துணரி வாசித்தால் பாதி உளறலாக வந்தது. மங்கிய மை, மடிப்பு, உடைந்த அச்சு. எழுத்துணரி என்பது பக்கத்தின் படத்தில் கறுப்பு வடிவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த எழுத்தைப் போல் இருக்கிறது என்று ஊகிக்கும் நிரல். ஊகம் தப்பினால் அந்தச் சொல் தேடலில் அகப்படாது. அகப்படாத பக்கம் இருந்தும் இல்லாததுதான். சொந்தமாகத் திருத்தக் காசில்லாத நூலகம், ஒரு பக்கம் அச்சுப் படம், மறு பக்கம் எழுத்துணரியின் வரிகள் என்று வைத்து, வாசகரே திருத்தட்டும் என்று விட்டது. பெயர்கூடப் பதிய வேண்டாம். முன் அனுமதி இல்லை. எல்லாப் படிகளும் பாதுகாக்கப்படும். முதல் ஆறு மாதத்தில் மட்டும் 20 லட்சம் வரிகள் திருத்தப்பட்டன. விஷமம் செய்தவரைக் காணோம். திருத்தியவர்களில் பெரும்பங்கு தங்கள் குடும்ப வரலாறு தேடி வந்தவர்கள். கொள்ளுத் தாத்தாவின் மரண அறிவித்தலில் பெயர் பிழையாக இருந்தால் பேரன் சும்மா போவானா? வந்த வேலை முடிந்த பிறகும் பலர் பக்கத்துப் பத்தியைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இப்படித் துலக்கிய பக்கங்களில் இன்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்திலேயே நடந்த கதை இன்னும் ருசியானது. ரங்கநாதன் படித்த அதே யுனிவர்சிட்டி காலேஜில் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் கையெழுத்துத் தாள்கள் சுமார் 60,000 இருக்கின்றன. பெந்தமின் எலும்புக்கூடும் உடை உடுத்தி அங்கேதான் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது, அவருடைய உயிலின்படி. அவர் கையெழுத்து சுமார் ரகம், வயதாக ஆக மோசம். 1959லிருந்து அறிஞர்கள் அவருடைய எழுத்துகளைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பகுதி படியெடுக்கப்படாமல் கிடந்தது. 2010 செப்டம்பரில் தாள்களின் படங்களை விக்கி மென்பொருளில் ஏற்றி, படியெடுக்க உலகத்தையே அழைத்தார்கள். அடித்தல், இடைச்செருகல், புரியாத சொல் ஆகியவற்றை ஒரு பொத்தானில் குறிக்கக் கருவிப்பட்டை வைத்தார்கள். ஆறு மாதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள்; வேலையின் பெரும்பகுதியைச் செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். நீல்சனின் கணக்குதான். ஆனால் இங்கே அந்தச் சிலர் ஓடிப்போகவில்லை. அவர்கள் முடித்த ஒவ்வொரு தாளையும் கல்லூரியின் ஆய்வாளர் ஒருவர் பார்த்துச் சரிபார்த்தார். எழுதியதை யாரோ உண்மையிலேயே படிக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கூலி எழுதுகிறவருக்கு இல்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. மனிதர் படியெடுத்த அந்தப் பெந்தம் தாள்களே பின்னர் கையெழுத்தை வாசிக்கக் கணினிக்குக் கற்றுத்தரும் பாடப்புத்தகமாயின. படமும் சரியான வாசகமும் அருகருகே இருந்தால்தான் இயந்திரம் கற்கும். அந்த இணைகளை ஆயிரக்கணக்கில் செய்து வைத்தவர்கள் தொண்டர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2007ல் உருவான ரீகேப்ட்சா இதையே நமக்குச் சொல்லாமல் செய்தது. ‘நீங்கள் மனிதரா’ என்று சோதிக்க இரண்டு கோணல் சொற்கள் வரும். ஒன்று அதற்குத் தெரிந்தது. மற்றொன்று, பழைய நாளிதழில் எழுத்துணரி தடுமாறிய சொல். தெரிந்ததைச் சரியாக அடித்தால் தெரியாததையும் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு, பலர் விடையை ஒப்பிட்டு முடிவு செய்யும். ஓராண்டில் 44 கோடிச் சொற்கள். வேலை வாங்கிய கெட்டிக்காரத்தனத்தை மெச்சலாம். ஆனால் வேலை செய்வது தெரியாமலே செய்தவரை வாசகர் பங்கேற்பு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

தெரியாமல் விட்டுச்செல்லும் தடமும் உதவும், நேர்மையாகக் கையாண்டால். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக நூலகம் தன் இரவல் கணக்கை வைத்து, ‘இதை எடுத்தவர்கள் இவற்றையும் எடுத்தார்கள்’ என்று பட்டியலில் காட்டத் தொடங்கியது. யார் எடுத்தார் என்பது அதில் இராது. எந்தப் புத்தகத்தோடு எந்தப் புத்தகம் போனது என்பது மட்டும். வயல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுவது போல. பலர் நடந்த தடம் தெரியும், நடந்தவர் பெயர் தெரியாது. அதற்குப் பின் ஆண்டுதோறும் இரவல் போன வெவ்வேறு தலைப்புகளின் எண்ணிக்கை கூடியது. எல்லோரும் ஒரே பாடநூலுக்கு அடித்துக்கொள்வது தளர்ந்து, ஓரத்தில் தூங்கிய நூல்கள் வெளியே வந்தன. தொடாத புத்தகத்துக்கு வாசகர் தேடச் சொன்ன சீர்காழிக்காரர் மகிழ்ந்திருப்பார். 2008 டிசம்பரில் அந்த நூலகம், பதின்மூன்று ஆண்டுகளில் நடந்த ஏறத்தாழ 30 லட்சம் இரவல்களிலிருந்து திரட்டிய கணக்கை, ஆள் அடையாளம் நீக்கி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

வகுப்பறைக்கும் ஒரு சாட்சி. 2008ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் நடத்திய ஜான் பீஸ்லி-மர்ரே, மாணவர்களிடம் வழக்கமான கட்டுரை கேட்கவில்லை. பாடத்தில் உள்ள நூல்களையும் ஆசிரியர்களையும் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதச் சொன்னார். கட்டுரை அங்கே ‘நல்ல கட்டுரை’ தகுதி பெற்றால் ஏ, ‘சிறப்புக் கட்டுரை’ ஆனால் ஏ பிளஸ். மதிப்பெண்ணை அவர் போடவில்லை. முன்பின் தெரியாத தொகுப்பாளர்கள் போட்டார்கள். அவர்கள் ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்டார்கள். சான்று நூலகத்தில் அல்லவா இருக்கிறது! பருவ முடிவில் மூன்று சிறப்புக் கட்டுரை, எட்டு நல்ல கட்டுரை. மிகேல் ஏஞ்செல் அஸ்தூரியாஸின் ‘எல் செஞோர் பிரெசிதெந்தே’ நாவல் பற்றியது அவற்றில் ஒன்று. ஆசிரியர் ஒருவரே படித்துவிட்டுக் கட்டி வைக்கும் செமஸ்டர் கட்டுரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை, அப்படிக் கட்டுக்கட்டாக எழுதிக் கொடுத்த எவரும் உணர்வார்கள்.

தமிழில் இந்த ரகம் வேலை நடக்கும் இடம், விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலம். நாட்டுடைமையான நூல்களின் வருடிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. எழுத்துணரி முதல் வாசிப்பைச் செய்திருக்கும். தமிழில் அதற்கென்றே சில தடுக்கல்கள் உண்டு. துணைக்காலும் ‘ர’வும் பழைய அச்சில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ வேறு சுழியில் இருக்கும். புது எழுத்தில் பழகிய நிரல் அங்கே திகைக்கும். இளைய மாணவர்களும் திகைப்பார்கள். பாட்டி வீட்டுப் புத்தகங்களை வாசித்தவர்களுக்குத்தான் அது கைவந்தது. கணினியறிவுள்ள பேத்தியும் பழைய எழுத்தறிந்த பாட்டியும் ஒரே திரையின் முன் உட்கார வேண்டிய வேலை இது.

அங்கே பக்கங்களுக்கு நிறம் உண்டு. எழுத்துணரி விட்டபடியே கிடப்பது சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மறுபடி பார்த்து உறுதி செய்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. நூலகர் காவல் காத்த நம்பகத்தை இரண்டு வாசகர் கண்களுக்குப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு இது. ஒரு கல்லூரித் தமிழ்த் துறையும் அதன் நூலகமும் சேர்ந்து மாணவருக்கு ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று கொடுத்தால், அகமதிப்பீட்டுக்காக வலையிலிருந்து நகலெடுத்து ஒட்டப்படும் ஒப்படைப்புகளைவிட உருப்படியான காரியம் நடக்கும். யார் எந்த நாளில் எந்த எழுத்தைத் திருத்தினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்பதால் மதிப்பெண் போடுவதும் சிரமமில்லை.

கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் சிவப்பில் கை வைக்க வேண்டாம். மஞ்சள் பக்கம் ஒன்றைத் திறந்து, வலப்பக்கத்துப் படத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.